தந்தை விட்டுச் சென்ற அமானிதம்

தந்தையின் ஜனாஸா வாயிலைக் கடந்து சென்றபின் ஒரு வீட்டில் வந்து சூழும் வெறுமையை அறியாதவர் நம்மில் வெகு சிலரே. முதல் சில நாட்கள் உற்றாரும் உறவினரும் சூழ்ந்திருப்பர். அண்டை வீட்டார் உணவு கொணர்வர். ஆறுதல் மொழிகளுக்கும் குறைவிராது. பின்னர் ஒவ்வொருவராக விடைபெற்றுத் தத்தம் இல்லம் செல்வர். அதன் பிறகுதான் அந்த வீட்டில் துயரத்தின் முதலாண்டு உண்மையாகத் தொடங்குகிறது. மறைந்தவர் கொடுக்க வேண்டிய கடன் இவ்வளவு என்ற கணக்கு வெளிவரும். மணமாகாத பெண்மக்களின் முகங்கள் மகனை நோக்கித் திரும்பும். அழுவதற்கும் நேரமின்றி அவன் குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றாக வேண்டும்.

அத்தகைய ஓராண்டைக் கடந்து வந்த ஓர் இளைஞரின் வரலாற்றை இன்று நினைவு கூர்வோம். அவர் வேறு யாருமல்லர். 1,540 ஹதீஸ்களை அறிவித்த பெருமைக்குரியவரும், மதீனாவில் இறுதிவரை வாழ்ந்திருந்த நபித்தோழர்களுள் ஒருவருமான ஹஜரத் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள்தாம். ஹதீஸ் நூல்களைப் புரட்டும்போது அவர்தம் பெயரைப் பக்கந்தோறும் காண்கிறோம். ஆனால், அந்தப் பெயருக்குப் பின்னே, தந்தையை இழந்து தலை கவிழ்ந்து நின்ற ஒரு மகன் இருந்தார் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

தந்தையின் இறுதிக் கட்டளை

ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தையார் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள், மதீனத்து கஸ்ரஜ் கூட்டத்தின் கிளையான பனூ ஸலிமாவின் தலைவர்களுள் ஒருவர். கி.பி. 622ஆம் ஆண்டு அகபாவில் மதீனத்து மக்கள் இரவின் இருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சந்தித்து உறுதிமொழி அளித்தபோது, அம்மக்களின் பொறுப்பாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிருவரில் அவரும் ஒருவர். அந்த இரவில் தந்தையுடன் சென்றிருந்த சிறுவரே ஜாபிர் (ரலி). தந்தையும் மகனும் ஒரே இரவில் ஒரே கரத்தில் உறுதி அளித்த அரும்பேறு அவர்களுக்குக் கிட்டியது.

ஆயினும், பத்ருக்கும் உஹதுக்கும் மகன் செல்லவில்லை. செல்ல விரும்பாமையால் அன்று, தந்தை தடுத்தமையால்தான். அந்த வீட்டில் பெண்மக்கள் பலர் இருந்தனர். ஜாபிரின் சகோதரியர் ஒன்பதின்மர் என்று ஓர் அறிவிப்பும், எழுவர் என்றும் அறுவர் என்றும் வேறு அறிவிப்புகளும் கூறுகின்றன. ஆண் துணையின்றி அவர்களை விட்டுவிட்டு இருவருமே போர்க்களம் ஏகுவது முறையன்று எனத் தந்தை கருதினார். அதே வேளையில், அண்ணலாருடன் அறப்போருக்குச் செல்லும் பேற்றை மகனுக்கு விட்டுக்கொடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே தாம் புறப்பட்டார். மகனை வீட்டில் நிறுத்தினார்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு ஷவ்வால் மாதம், அதாவது கி.பி. 625இல், உஹதுப் போருக்கு முந்திய இரவு அது. தந்தை மகனைத் தம்மருகே அழைத்தார். நாளை வீழப்போகும் நபித்தோழர்களில் தாம் முதல்வராக இருப்போம் என்றே தமக்குத் தோன்றுவதாகக் கூறினார். அல்லாஹ்வின் தூதரைத் தவிர, தம் மகனைவிடத் தமக்கு அன்பிற்குரியவர் எவரையும் தாம் விட்டுச் செல்லவில்லை என்பதை வாய்விட்டுச் சொன்னார். பின்னர் இரண்டே இரண்டு பொறுப்புகளை ஒப்படைத்தார். தமக்குக் கடன் இருக்கிறது, அதைத் தீர்க்க வேண்டும் என்பது ஒன்று. சகோதரியரிடம் நல்ல முறையில் நடந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று.

அன்பர்களே, இந்த வஸிய்யத்தைச் சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். மரணம் நெருங்கியதை உணர்ந்த ஒரு தந்தை, தம் கடனை மகனிடமிருந்து மறைக்கவில்லை. தம் அன்பையும் மறைக்கவில்லை. நம்மில் எத்தனை தந்தையர் இவ்விரண்டையும் மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு மண்ணறைக்குச் சென்றுவிடுகின்றனர்!

உஹதுக் களத்தில்

தந்தை எண்ணியவாறே நடந்தது. மறுநாள் முதலில் கொல்லப்பட்டவர் அவரே என்று மகனே பின்னாளில் அறிவித்திருக்கிறார். ஏறத்தாழ 70 முஸ்லிம்கள் அன்று ஷஹீதாயினர். எதிரிகள் பிணங்களையும் விட்டுவைக்காது உறுப்புகளைச் சிதைத்திருந்தனர். அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் உடலும் அவ்வாறே சிதைக்கப்பட்டு, துணியால் போர்த்தப்பட்டிருந்தது.

மகன் வந்தார். முகத்திலிருந்து துணியை விலக்கினார், அழுதார். சூழ நின்றவர்கள் அவரைத் தடுத்தனர். அந்தக் கோலத்தை அவர் காண வேண்டாமே என்பது அவர்களது எண்ணம். ஆனால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. ஜாபிரின் அத்தை ஃபாத்திமா அவர்களும் கதறினார். அவர் அழுதாலும் அழாவிட்டாலும், உடல் தூக்கப்படும் வரை வானவர்கள் தம் சிறகுகளால் அவருக்கு நிழல் அளித்துக்கொண்டே இருந்தனர் என்று பெருமானார் அறிவித்தார்கள். கண்ணீரைக் கடிந்து ஒரு சொல்லும் அவர்கள் திருவாயிலிருந்து வரவில்லை. கண்ணீரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு நற்செய்தியைத்தான் அளித்தார்கள்.

அந்தக் குடும்பத்தின் இழப்பு ஓர் உயிரோடு முடியவில்லை. அப்துல்லாஹ்வின் சகோதரி ஹிந்தின் கணவரும், உற்ற தோழருமான அம்ர் பின் அல்ஜமூஹ் (ரலி) அவர்களும் அதே நாளில் ஷஹீதானார். கால் ஊனமுற்றிருந்தும் போருக்கு வந்த பெருமகன் அவர். இருவர் உடலையும் மதீனாவுக்குக் கொணர்ந்து குடும்பத்தாரின் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்ய ஒட்டகத்தில் ஏற்றிப் புறப்பட்டனர். ஆனால், ஷஹீதுகளை அவர்கள் வீழ்ந்த இடத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. உடல்கள் திருப்பிக் கொண்டு செல்லப்பட்டன. உயிர் நீத்தோர் பலர். கஃபன் துணியோ குறைவு. தம் தந்தையும் மாமாவும் ஒரே கோடுபோட்ட துணியில் கஃபனிடப்பட்டதை ஜாபிர் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். ஒரே கப்றில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர்.

மறுநாளே மற்றோர் அழைப்பு எழுந்தது. எதிரிகள் திரும்பி வரக்கூடும் என்பதால், அவர்களைத் தொடர்ந்து ஹம்ராஉல் அஸத் என்னும் இடம்வரை செல்லப் பெருமானார் ஆணையிட்டார்கள். உஹதில் கலந்துகொண்டோர் மட்டுமே வரலாம் என்பது நிபந்தனை. ஜாபிர் (ரலி) அவர்கள் அண்ணலாரிடம் சென்று, சகோதரியரைக் காப்பதற்காகத் தந்தை தம்மை வீட்டில் நிறுத்தியதை எடுத்துரைத்து அனுமதி வேண்டினார். அனுமதி கிடைத்தது. அன்று முதல் எந்தப் படையெடுப்பிலும் தாம் பின்தங்கியதில்லை என்று பின்னாளில் அவர் கூறுவதுண்டு. தந்தையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வீட்டிலிருந்த மகனின் உள்ளத்தில் எத்தகைய ஏக்கம் இருந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

தலை கவிழ்ந்திருந்த மகன்

நாட்கள் சென்றன. ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜாபிரைக் கண்டார்கள். அவர் முகம் வாடியிருந்தது. ஏன் இவ்வாறு மனமுடைந்து காணப்படுகிறீர் என வினவினார்கள். தந்தை ஷஹீதாகிவிட்டார், பிள்ளைகளையும் கடனையும் விட்டுச் சென்றுள்ளார் என்று அவர் விடையிறுத்தார்.

அப்போதுதான் எந்த மகனும் கேட்டிராத ஒரு செய்தியை அவர் செவியுற்றார். இறைவன் எவரிடமும் திரைக்கு அப்பாலிருந்தன்றிப் பேசியதில்லை. ஆனால், அவர் தந்தையை உயிர்ப்பித்து நேருக்கு நேர் பேசினான். வேண்டியதைக் கேட்குமாறு பணித்தான். அவரோ, மீண்டும் உயிர்பெற்று உலகுக்கு வந்து, இறைவனுக்காக இன்னொரு முறை உயிர் துறக்க வேண்டும் என்றே கேட்டார். சென்றவர் திரும்புவதில்லை என்பது முன்பே விதிக்கப்பட்டுவிட்டது என இறைவன் அறிவித்தான். இறைவழியில் உயிர் நீத்தோரை இறந்தவர்களாக எண்ணலாகாது என்று போதிக்கும் ஆல இம்ரான் அத்தியாயத்தின் திருவசனம் இதையொட்டி அருளப்பட்டது என்று திர்மிதீயில் இடம்பெறும் இவ்வறிவிப்பு கூறுகிறது.

இதைவிடப் பெரிய ஆறுதல் ஒரு மகனுக்கு வேறு உண்டோ? ஆயினும், அந்த ஆறுதலோடு அவர் வீடு திரும்பியபோது கடன் அப்படியேதான் இருந்தது. சகோதரியரும் அவர் வரவை எதிர்நோக்கியே இருந்தனர். சுவனத்தின் நற்செய்தி இவ்வுலகின் கடமைகளை நீக்கிவிடவில்லை. அவற்றைச் சுமக்கும் வலிமையை மட்டுமே தந்தது.

இல்லத்திற்கு வந்த மணமகள்

அக்காலத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் தேர்ந்தெடுத்த மணமகள் இளங்கன்னி அல்லர். முன்னர் மணமாகியிருந்த பெண்மணி. இச்செய்தி நமக்குத் தெரியவந்ததே ஒரு பயணத்தின் உரையாடலால்தான்.

ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் நிகழ்ந்தது அது. ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில் நடந்ததாகத் தாம் குறிக்கும் தாத்துர் ரிகா பயணத்தின்போது இது நிகழ்ந்தது என்பது வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக்கின் கூற்று. ஜாபிரின் ஒட்டகம் நலிந்தது. கூட்டத்துக்குப் பின்னே தள்ளாடி வந்தது. அனைவருக்கும் தலைவரான பெருமானார், அனைவருக்கும் பின்தங்கி வந்த அந்த இளைஞரைத் தேடி வந்தார்கள். ஒட்டகத்தைத் தட்டி முடுக்கினார்கள். அதுவோ அதற்குமுன் கண்டிராத வேகத்தில் விரையலாயிற்று. இருவரும் பேசிக்கொண்டே சென்றனர். பேச்சுவாக்கில் ஜாபிரின் திருமணம் பற்றி வினவிய பெருமானார், கன்னிப் பெண்ணை மணந்து அவளோடு மகிழ்ந்து விளையாடியிருக்கலாமே என்று அன்புடன் கேட்டார்கள்.

அதற்கு ஜாபிர் (ரலி) அவர்கள் அளித்த மறுமொழியில் அவர்தம் முழு ஆண்டும் அடங்கியிருக்கிறது. தந்தை பெண்மக்களை விட்டுச் சென்றார். அவர்களுக்கு நடுவே அவர்களைப் போன்றே ஒரு சிறு பெண்ணைக் கொண்டுவந்து சேர்க்கத் தாம் விரும்பவில்லை. அவர்களை ஒன்றுசேர்த்து அரவணைத்து, தலைவாரிவிட்டு, நல்லன சொல்லிப் பேணக்கூடிய ஒருத்தியையே தாம் நாடியதாக அவர் விளக்கினார். அவர் செய்தது சரியே என்று ஏற்று, அருள்வளம் உண்டாக வாழ்த்தினார்கள் அண்ணல் நபி.

தலைவாரிவிட ஒருத்தி! எத்துணைச் சிறிய செயல்! ஆனால், தந்தையை இழந்த பெண்மக்கள் உள்ள வீட்டில் இது சிறிய செயலா என்பதை அத்தகைய வீட்டில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். காலையில் கூந்தலை அவிழ்த்து, சிக்கெடுத்து, பின்னிவிட ஒரு கரம் இருப்பதும் இல்லாமலிருப்பதும் அக்குழந்தைகளின் முகத்திலேயே தெரிந்துவிடும். ஓர் இளைஞர் தம் இல்வாழ்க்கையின் இன்பத்தை முதலில் எண்ணாமல், சகோதரியரின் கூந்தலை எண்ணினார். அதே வேளையில், புதுமணம் புரிந்த ஓர் இளைஞரின் உள்ளத்தையும் பெருமானார் மறந்துவிடவில்லை. அவர் மதீனாவை நெருங்கியதும் வீட்டாருக்கு முன்னறிவிப்பின்றி இரவில் திடீரென நுழைந்துவிடாமல், மனைவி தலைவாரித் தன்னைச் சீர்செய்துகொள்ள அவகாசம் தர வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். துயரம் குடியிருந்த வீட்டில் மகிழ்ச்சியும் நுழைய வேண்டும் என்ற கனிவு அது.

ஒட்டகத்தின் விலை

அதே பயணத்தில்தான் பெருமானார் அந்த ஒட்டகத்தைத் தமக்கு விற்றுவிடுமாறு கேட்டார்கள். ஒரு திர்ஹத்தில் பேரம் தொடங்கி, ஓர் ஊக்கியா, அதாவது 40 திர்ஹம் எடை வெள்ளி வரை உயர்ந்ததாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். மதீனா சேரும்வரை அதன்மீதே ஏறிவர ஜாபிர் (ரலி) அவர்கள் அனுமதி பெற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், இருந்த ஒட்டகத்தையும் விற்றுவிட்டாயே என்று தாய்மாமன் அவரைக் கடிந்துகொண்டார். அவர் கோபமும் நியாயமே! நீர் இறைக்கவும் சுமை ஏற்றவும் பயன்படும் ஒட்டகத்தை இழப்பது வறிய குடும்பத்துக்குச் சிறிய இழப்பா?

மறுநாள் ஒட்டகத்தை ஒப்படைக்கப் பள்ளிவாயிலுக்குச் சென்றார். பிலால் (ரலி) அவர்களை அழைத்து, வெள்ளியை நிறுத்துக் கொடுக்குமாறும், சற்றுக் கூடுதலாகவே கொடுக்குமாறும் பெருமானார் பணித்தார்கள். பெற்றுக்கொண்டு திரும்பியவரை மீண்டும் அழைத்தார்கள். ஒட்டகத்தைத் திருப்பித் தரத்தான் அழைக்கிறார்கள் போலும் என்று அவர் கலங்கினார். வாங்கிய விலையைத் திருப்பிக் கொடுத்து ஒட்டகத்தை மீண்டும் ஏற்பதைவிட வெறுப்பானது அவருக்கு அப்போது வேறில்லை. ஆனால், அண்ணலாரோ ஒட்டகத்தையும் அதன் விலையையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள்!

இந்நிகழ்ச்சியின் நுட்பத்தைக் கவனியுங்கள். தந்தையற்ற இளைஞரின் கையில் கூட்டத்தார் நடுவே தர்மமாகக் காசு வைக்கப்படவில்லை. விற்பவராக அவர் மதிக்கப்பட்டார், பேரம் பேசப்பட்டார், விலை எடைபோட்டுக் கொடுக்கப்பட்டது. இறுதியிலேதான் கொடை வந்தது. வாங்கியவரின் தன்மானம் சிறிதும் குன்றவில்லை. அநாதைகளுக்கு உதவ எண்ணுவோர் கற்க வேண்டிய முறை இதுவன்றோ!

கூடுதலாகக் கிடைத்த அந்தச் சிறு கீராத் வெள்ளியை ஜாபிர் (ரலி) அவர்கள் செலவிடவே இல்லை. ஒரு பையில் இட்டுத் தம்முடனேயே வைத்திருந்தார். ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 63ஆம் ஆண்டு ஹர்ரா நிகழ்ச்சியின்போது ஷாம் நாட்டுப் படையினர் அதைக் கவர்ந்து செல்லும்வரை அது அவரிடமே இருந்தது.

கடன் தீர்ந்த நாள்

பேரீச்சம்பழம் பறிக்கும் காலம் வந்தது. கடன் கொடுத்தோர் வாயிலில் வந்து நின்றனர். மதீனத்து யூதர் ஒருவருக்கு மட்டுமே 30 வஸக் பேரீச்சம்பழம் தரவேண்டியிருந்தது. ஒரு வஸக் என்பது 60 ஸாஉ; ஆக 1,800 ஸாஉ கடன். தோட்டத்தின் விளைச்சலோ அதற்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. தவணை வேண்டினார், கிடைக்கவில்லை. தோட்டத்தின் விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொண்டு தந்தையைக் கடனிலிருந்து விடுவிக்குமாறு வேண்டினார், அதுவும் ஏற்கப்படவில்லை.

பெருமானாரிடம் முறையிட்டார். அவர்களே நேரில் சென்று பரிந்துரைத்தார்கள். கடன் கொடுத்தவர் இணங்கவில்லை. மதீனாவின் ஆட்சித் தலைவராக இருந்தும், பெருமானார் அவரை வற்புறுத்தவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. கடன் கொடுத்தவர் எச்சமயத்தவராயினும் உரிமை அவருடையது. ஷஹீதின் கடனாயினும் கடன் கடனே.

அண்ணலார் தோட்டத்துக்கு வந்தார்கள். மரங்களுக்கிடையே நடந்தார்கள். பின்னர் பழங்களைப் பறித்துக் கடனைக் கொடுக்கத் தொடங்குமாறு கூறினார்கள். பழங்களை வகைவகையாகப் பிரித்துத் தனித்தனிக் குவியலாக வைக்கச் சொல்லி, பெரிய குவியலை மும்முறை சுற்றிவந்து, அதன்மீது அமர்ந்து, கடன்காரர்களை அழைக்கச் சொன்னார்கள் என்று மற்றோர் அறிவிப்பு கூறுகிறது. அளந்து கொடுக்கப்பட்டது, கொடுக்கக் கொடுக்கக் குறையவில்லை. 30 வஸக் முழுவதும் தீர்ந்து, மேலும் 17 வஸக் எஞ்சியது!

ஜாபிர் (ரலி) அவர்கள் ஓடோடிச் சென்று பெருமானாரிடம் செய்தி கூறினார். உமர் (ரலி) அவர்களிடமும் தெரிவிக்குமாறு பணித்தார்கள். மரங்களிடையே அல்லாஹ்வின் தூதர் நடந்தபோதே அதில் பரக்கத் இறங்கும் என்பதைத் தாம் அறிந்திருந்ததாக உமர் (ரலி) அவர்கள் மொழிந்தார்கள்.

இந்த அற்புதத்தை நாம் பலமுறை கேட்டிருப்போம். ஆனால், அதை அறிவிக்கும்போது மகன் வெளியிட்ட மனநிலை ஒன்று உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. தந்தையின் அமானிதத்தை இறைவன் நிறைவேற்றித் தந்தால் அதுவே தமக்குப் போதும். சகோதரியரிடம் ஒரு பேரீச்சம்பழங்கூட இல்லாமல் திரும்ப நேர்ந்தாலும் தாம் மனநிறைவு அடைந்திருப்போம் என்பதே அது. மகன் வேண்டியது செல்வமன்று. தந்தை கடனின்றி நிற்க வேண்டும் என்பதே. அதைத் தந்த இறைவன், வீட்டார் உண்ண 17 வஸக்கையும் சேர்த்துத் தந்தான்.

உறுத்திக்கொண்டிருந்த ஒன்று

இத்தனை பொறுப்புகளுக்கு நடுவே அவர்தம் உள்ளத்தில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தந்தை மற்றொருவருடன் ஒரே கப்றில் இருக்கிறார் என்பதே அது. உடனிருந்தவர் அயலார் அல்லர். அத்தையின் கணவர், தந்தையின் உயிர்த்தோழர். அங்ஙனம் அடக்கம் செய்யப்பட்டது பெருமானாரின் ஆணைப்படியே. அதில் குறையேதும் இல்லை என்பதை மகனும் அறிவார். ஆயினும், மனம் ஒப்பவில்லை. ஆறு திங்கள் கழித்து அவர் தந்தையின் உடலை வெளியே எடுத்துத் தனிக் கப்றில் அடக்கம் செய்தார். காதில் ஏற்பட்டிருந்த சிறு மாற்றம் தவிர, அடக்கம் செய்த நாளில் இருந்தவாறே தந்தை இருந்தார். இமாம் புகாரி அவர்கள் இச்செய்தியை, தக்க காரணமிருப்பின் மய்யித்தைக் கப்றிலிருந்து வெளியே எடுக்கலாமா என்ற தலைப்பின் கீழ்ப் பதிவு செய்துள்ளார்கள். காரணமின்றிச் செய்யத்தக்கதன்று இது என்பது அத்தலைப்பாலேயே விளங்கும்.

நாம் இங்கே காண வேண்டியது ஒரு மகனின் மனத்தை. வானவர்களின் சிறகு நிழலைப் பற்றி அவர் கேட்டிருந்தார். இறைவனே தந்தையுடன் உரையாடியதையும் அறிந்திருந்தார். ஈமானில் அவருக்குக் குறையேது? இருந்தும் ஆறு திங்கள் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. ஆகவே, துயரம் நீடிப்பதை ஈமானின் குறைவாக எண்ணி ஒருவரையொருவர் நாம் கடிந்துகொள்ளலாகாது. தந்தை மறைந்து மாதங்கள் பல சென்றும் ஒரு மகளோ மகனோ ஏதேனும் ஒரு சிறு நினைவால் கலங்கினால், இன்னுமா என்று கேளாதீர்கள். நபித்தோழர் ஒருவரும் அந்த வழியைக் கடந்துதான் வந்தார்.

சகோதரியரின் உரிமை

அந்த இல்லத்தின் பிற்கால வரலாற்றையும் சிறிது காண்போம். ஜாபிர் (ரலி) அவர்கள் கடும் நோயுற்ற சமயம், பெருமானாரும் அபூபக்கர் (ரலி) அவர்களும் நடந்தே வந்து நலம் விசாரித்தனர். நினைவிழந்து கிடந்தவர்மீது பெருமானார் தாம் உளூச் செய்த நீரைத் தெளிக்கவே அவர் கண்விழித்தார். விழித்ததும் அவருக்கு எழுந்த கவலை என்ன தெரியுமா? தம் சொத்தில் சகோதரியருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பதே. இந்நோயால் அவர் இறக்கமாட்டார் என்றே தமக்குத் தோன்றுவதாகப் பெருமானார் ஆறுதல் கூறினார்கள். பிள்ளையின்றி இறப்போரின் சகோதரியருக்கு மூன்றில் இரு பங்கு உண்டு எனக் கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் இறுதி வசனம் தம் பொருட்டே அருளப்பட்டது என்று அவர் கூறுவதுண்டு. தந்தையின் வஸிய்யத்தை அவர் நோய்ப் படுக்கையிலும் மறக்கவில்லை!

அதே உஹதில் ஷஹீதான ஸஃது பின் ரபீஃ (ரலி) அவர்களின் வீட்டு நிகழ்ச்சியையும் நமக்கு அறிவித்தவர் இவரே. அங்கே இரு பெண்மக்களின் சொத்து முழுவதையும் தந்தையின் சகோதரர் எடுத்துக்கொண்டார். தாய் முறையிட்டார். பெண்மக்களுக்கு மூன்றில் இரு பங்கும், தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்து, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு பெருமானார் தீர்ப்பளித்தார்கள். தந்தையற்ற பெண்மக்களின் உரிமை எப்படிப் பறிபோகும் என்பதை அறிந்திருந்த மகனின் நாவே அச்செய்தியைக் காத்துத் தந்தது.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரின்போது பெருமானார் பசியால் வாடுவதைக் கண்டு, ஓர் ஆட்டுக்குட்டியையும் ஒரு ஸாஉ வாற்கோதுமையையும் கொண்டு விருந்து சமைத்ததும் இவ்வீடே. வாற்கோதுமை மாவை அரைத்துத் தந்த மனைவி, சிலரையே அழைக்க வேண்டும், தம்மை நாணச் செய்துவிடக் கூடாது என்று எச்சரித்தார். பெருமானாரோ அகழ் தோண்டிய அனைவரையும் அழைத்து வந்தார்கள். ஆயிரம் பேர் உண்டும் உணவு எஞ்சியது. இரண்டாண்டுகளுக்கு முன்னே கடனில் மூழ்கியிருந்த வீடு அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வறுமை நிறைந்திருந்த நாளில், உங்கள் வீட்டில் விரிப்புகள் இருக்கின்றனவா எனப் பெருமானார் ஒருமுறை அவரிடம் கேட்டார்கள். எங்களுக்கு ஏது விரிப்பு என்றார் அவர். விரைவில் உண்டாகும் என்றார்கள் பெருமானார். அவ்வாறே உண்டாயின. பின்னாளில் அவற்றை அகற்றுமாறு அவர் மனைவியிடம் கூறும்போதெல்லாம், பெருமானார் முன்னறிவித்த விரிப்புகள் அல்லவா இவை என்று அவர் நினைவூட்டுவார். கணவரும் அவற்றை அப்படியே விட்டுவிடுவார்.

ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் நாடு சென்ற கல்வி வேட்கை அவருடையது. முதுமையில் கண்பார்வையை இழந்தார். ஹிஜ்ரி 78 வாக்கில், 94ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார் என்பது பலர் கூறும் கருத்து.

அன்பிற்குரியவர்களே! உங்கள் இல்லத்திலும் அத்தகைய முதலாண்டு நடந்துகொண்டிருக்கலாம். தந்தையின் நாற்காலி வெறுமையாக இருக்கலாம். அவருக்காக துஆச் செய்யுங்கள்; கண்ணீர் வந்தால் தடுக்காதீர்கள். ஆனால், அவர் கொடுக்க வேண்டிய கடனைக் கேட்டறிந்து தீர்க்கும்வரை உறங்காதீர்கள். உடன்பிறந்த பெண்மக்களின் பங்கை அவர்கள் கேட்குமுன் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டே கட்டளைகளை ஏற்ற அந்த மகன், இரண்டையும் நிறைவேற்றினார். தந்தைக்கு அவர் செலுத்திய அஞ்சலி அதுவே. அத்தகைய நன்மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.